ராமலிங்கம் கண்ணாடி துறந்த வைபவம்

நிகழும் மங்களகரமான ஆவணி மாதத்தில், சுபயோக சுபதினத்தில், பெரிய காஞ்சிபுரம் ராஜகம்பீரப் பட்டு மாளிகையின் அதிபரும், வணிகர் நலச் சங்கத்தின் முன்னாள் துணைத் தலைவருமான திருவாளர் ராமலிங்கம் அவர்கள், முப்பது ஆண்டுகளாகத் தம் மூக்கின் மேல் வீற்றிருந்த கண்ணாடியைத் துறந்தார். ஊரில் பஸ்கள் வழக்கம்போல் ஓடின.

துறவுக்குக் காரணம் கோல்ஃப்.

மகள் அபிநயாவுக்கும், சென்னையில் அவளோடு வேலை பார்க்கும் பையனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. பையனின் அப்பா பரசுராமனுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை. அவர் போனில் பேசும்போது, "ஞாயித்துக்கிழமைன்னா நான் கோல்ஃப் ஆடுவேங்க. உங்களுக்குப் பழக்கம் உண்டா?" என்று கேட்டுவிட்டார்.

கடையில் இல்லாத நிறத்தைக் கேட்டாலே "இல்லை" என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். "ஆடுவேனே!" என்றார் ராமலிங்கம்.

"அப்ப வர்ற ஞாயிறு வீட்டம்மாவோட வாங்க. ஆடிட்டு, சாப்ட்டுட்டு, அப்படியே பேசி முடிச்சிரலாம்."

போனை வைத்ததும் மனைவி பெரியநாயகி கேட்டாள். "எங்க ஆடுவீங்க? கனாவுலயா?"

மறுநாளே மட்டையும் பந்துகளும் வந்து இறங்கின. பிள்ளையார்பாளையத்து வீட்டு மொட்டை மாடியில் பயிற்சி தொடங்கியது. அவருடையது மேல்பாதி தூரத்துக்கும் கீழ்பாதி கிட்டத்துக்குமான கண்ணாடி. குனிந்து பார்த்தால் பந்து தேங்காய் அளவுக்கு வீங்கியது. முகவாயைக் கொஞ்சம் நிமிர்த்தினால், நடுக்கோட்டில் மாட்டிக்கொண்டு இரண்டாகியது. இரண்டில் எது நிஜம் என்று தீர்மானித்து அவர் ஓங்கி அடித்தார். பந்து பக்கத்துச் சாயப்பட்டறையில் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் போய் விழுந்தது.

சாயக்காரர் வீரபத்திரன் அதைக் கரண்டியால் எடுத்து நீட்டினார். "நல்ல அரக்குண்ணா. ஒட்டிக்கினா அப்பறம் போவாது."

அன்று சாயங்காலமே ராமலிங்கம் கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே கண் பரிசோதிக்கும் சந்தோஷ்குமார் கான்டாக்ட் லென்ஸை மாட்டிவிட்டு எச்சரித்தான்.

"அங்கிள், இது தூரத்துக்குத்தான். கிட்ட எதனா படிக்கணும்னா மேல ரீடிங் கிளாஸ் போட்டுக்கணும்."

"கோல்ஃப்ல கிட்ட இன்னாபா இருக்குது? எல்லாமே தூரம்."

ஞாயிறு வந்தது. காரில் போகும்போது பெரியநாயகி ஒன்றே ஒன்று சொன்னாள். "பொண்ணு ராத்திரியெல்லாம் போன் பண்ணிக்கினு இருந்தா. நீங்க ஜெயிக்கக்கூட வேணாம். பேசாம இருந்தா போதும்."

மைதானத்தில் நடந்ததுதான் அநியாயம். ராமலிங்கம் நன்றாக ஆடினார். முதல் இரண்டு அடியில் புல்தான் பறந்தது. மூன்றாவது அடியில் அரக்குப் பந்து எழும்பி, வேலியோரப் பனைமரம் வரைக்கும் போய் இறங்கியது. பரசுராமனின் கண்ணாடி வியர்வையில் வழுக்கி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. அவர் பந்து போன திசையே அவருக்குத் தெரியவில்லை. அதையும் ராமலிங்கம்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

"இந்த வயசுல இன்னா பார்வைங்க உங்களுக்கு!" என்றார் பரசுராமன்.

"பட்டு பாத்த கண்ணு, சம்பந்தி." சம்பந்தி என்ற வார்த்தையை பரசுராமன் மறுக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் மெனு வந்தது. ராமலிங்கத்துக்கு அது வெள்ளைக் காகிதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பெரியநாயகி கைப்பையிலிருந்து பழைய கண்ணாடியை எடுத்து மேசைக்கடியில் நீட்டினாள். அவர் அதைத் தள்ளிவிட்டு, மெனுவில் ஓரிடத்தைக் கம்பீரமாகத் தொட்டார். "இது ஒண்ணு கொண்டா."

"சார், அது ஜி.எஸ்.டி. நம்பர்."

பரசுராமன் அதை நகைச்சுவையென்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். எல்லாம் கூடி வந்தது. அப்போதுதான் அவர் மனைவி வடிவாம்பாள், முகமெல்லாம் சிரிப்பாக, பையிலிருந்து ஒரு மாம்பழ மஞ்சள் பட்டுப் புடவையை எடுத்து விரித்தார்.

"உங்ககிட்ட காட்டணும்னே கொண்டாந்தேங்க. எந்தக் கடைன்னு சொல்லுங்க பாப்போம்!"

இங்கே ஒரு தொழில் ரகசியம். காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்காரர் இன்னொரு கடைப் புடவையைப் புகழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே ராமலிங்கம் புடவையைக் கையில் வாங்கியதும் முந்தானை ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே எந்தக் கடையின் பெயர் நெய்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தரத்தைப் பார்ப்பார். இன்றும் ஓரத்தைப் பார்த்தார். எறும்புகள் ஊர்ந்தன.

தம் கடைப் புடவையாக இருந்தால் தமக்குத் தெரியாமலா போகும்? புடவையை இரண்டு விரலால் தேய்த்தார்.

"எந்தக் கடையா இருந்தா இன்னாம்மா? ஏமாந்துட்டீங்க."

வடிவாம்பாளின் சிரிப்பு பாதியில் நின்றது. பெரியநாயகி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். அவர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

"ஜரிகை போலி. பட்டுல பாதி கலப்படம். பார்டரத் தனியா கோத்து நெய்யல, இது விசைத்தறி. எங்க ஊரு பேரச் சொல்லி இத வித்தவன் வெளங்குவானா?"

பெரியநாயகி கண்ணாடியை எடுத்து, அதட்டலாக, கணவர் மூக்கின் மேல் தானே மாட்டிவிட்டாள். லென்ஸின் மேல் கண்ணாடியும் சேர்ந்ததில் உலகம் ஒருமுறை குலுங்கியது. அவர் கண்களை இடுக்கி, தலையைப் பின்னுக்கு இழுத்து, ஒருவழியாகப் படித்தார். ராஜகம்பீரப் பட்டு மாளிகை, காஞ்சிபுரம்.

"போன வருசம் புதுமனைக்கு எடுத்தது," என்றார் வடிவாம்பாள், புடவையை மடித்துக்கொண்டே. "நீங்கதான் கல்லால இருந்தீங்க. அசல் கைத்தறின்னு சத்தியம் பண்ணீங்க."

ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தூரத்தில் தெளிவாகத் தெரிந்த பனைமரத்தைப் பார்த்தார்.

பிள்ளைகள் விடவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. முகூர்த்தப் புடவையை வேறு கடையில் எடுத்தார்கள்.