தங்கை அனுப்பிய குப்பி

அவளை அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அந்த ஒருத்தி கூப்பிட்டு நான்கு வருடமாகிறது.

தங்கைக்குப் பதின்மூன்று வயதில் முதுகெலும்பு வளைய ஆரம்பித்தது. இடுப்பிலிருந்து அக்குள் வரை இறுக்கும் பிளாஸ்டிக் பெல்ட்டை நாள் முழுக்கப் போட வேண்டும் என்றார் டாக்டர். அவள் அதைக் கழற்றுகிறாளா என்று பார்க்கும் வேலையை அம்மா அக்காவிடம் கொடுத்தாள். அக்காவும் அதைக் கர்மசிரத்தையாகச் செய்தாள். பள்ளி நாடகத்தன்று ஒரு மாலை மட்டும் தங்கை பெல்ட்டைக் கழற்றி வைத்தாள். அக்கா அதை அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். பிறகு வளைவு கூடி, ஆபரேஷன் செய்து, முதுகில் இரும்புக் கம்பி வைத்தபோது, "எல்லாம் இவ பண்ணின கூத்துதான்" என்று தங்கையைக் காட்டிச் சொன்னாள் அம்மா. அக்கா வாயைத் திறக்கவில்லை. வேலை கிடைத்ததும் தங்கை ஊரை விட்டே போய்விட்டாள்.

அக்கா படித்து, ஆராய்ச்சிக்காரியாகி, மீன்களிடம் போய்ச் சேர்ந்தாள். ஆராய்ச்சிக்கூடத்தில் எண்ணூறு தொட்டிகள். எல்லாவற்றிலும் விரல் நீளம்கூட வராத வரிக்குதிரை மீன்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதான மீன், மூன்று வாரம் வரை ஊசி மாதிரி நேராக இருக்கும். அப்புறம் வளர்கிற வேகத்தில் முதுகெலும்பு கோணிக்கொண்டே போகும். அடியும் பட்டதில்லை, எந்தப் பெல்ட்டையும் அது கழற்றி வைத்ததில்லை. முதல் முறை எக்ஸ்ரேயில் அந்த வளைவைப் பார்த்த அன்று, அக்கா கைகழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அதே பழுது தங்கைக்கும் இருந்தால்? காரணம் இதுதான் என்று அவளிடமே சொல்லிவிடலாமே.

போனை எடுத்தாள்.

"என் மீன் ஆராய்ச்சிக்கு உன்னோட எச்சில் கொஞ்சம் வேணும்" என்றாள் நேரடியாக.

"நாலு வருஷம் கழிச்சுப் பேசற பேச்சா இது?" தங்கையின் குரல் மாறவே இல்லை. "உன் மீன் வரிசையில என்னையும் நிறுத்தப் போறியா?"

"உன் மேல தப்பே இல்லன்னு காட்டணும்டி."

"யாருக்கு?"

தங்கை போனை வைத்துவிட்டாள்.

இருந்தும், அக்கா பரிசோதனைக்கான குப்பியையும் சம்மதப் படிவத்தையும் அனுப்பி வைத்தாள். மூன்று மாதம் கழித்துக் குப்பி திரும்பி வந்தது. படிவத்தில் கையெழுத்து இருந்தது; கடிதமாக ஒரு வரிகூட இல்லை. உறையின் மேலிருந்த தங்கையின் கோணல்மாணலான எழுத்தை அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்தது. தங்கையின் மரபணுவில் அந்தப் பழுது இல்லை.

ஒரு வாரம் அக்கா போனைத் தொடவில்லை. பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், மீன் அறையின் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே பேசினாள்.

"நான் தேடினது உங்கிட்ட இல்ல."

"அப்ப எதனால வந்துச்சு?"

"தெரியல. எனக்கு நிஜமாவே தெரியல. ஆனா அந்த நாடகத்தன்னிக்கு ஒரு சாயங்காலம் கழட்டினதால இல்ல. அது எனக்கு அப்பவே தெரியும். அம்மா சொன்னப்ப நான் பேசாம இருந்துட்டேன். தப்பு என்னோடது."

தங்கை போனை வைத்துவிட்டாளோ என்று அக்கா திரையைப் பார்த்தாள். இல்லை.

"அதைச் சொல்ல உனக்கு இத்தனை மீன் வேண்டியிருந்துச்சா?" தங்கை மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பா அழுகையா என்று பிடிபடவில்லை. "எங்க, அந்த வளைஞ்ச மீனைக் காட்டு."

அக்கா வீடியோவைப் போட்டுத் தொட்டியருகே பிடித்தாள்.

"பாவம். நீந்த முடியுதா அதால?"

"ஏன் முடியாது? தீனி போட்டா மொத ஆளா வர்றதே அதுதான்."

தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். திரையில் அவள் நெற்றியோரம் இரண்டு நரைமுடி இருந்ததை அக்கா கவனித்தாள். அது எப்போது வந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டி."

"பாக்கலாம்க்கா" என்றாள் தங்கை.

வருவேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் அன்று மாலை வீட்டுக்குப் போனதும், அக்கா பக்கத்து அறைக் கட்டிலின் மேல் அடுக்கியிருந்த புத்தகப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே நகர்த்தத் தொடங்கினாள்.