ஆயுத பூஜையன்று அணைந்த கம்ப்யூட்டர்

மல்லசமுத்திரத்தில் சௌந்திரமும் அவர் கொழுந்தன் கருப்பண்ணனும் சேர்ந்து லாரி ஆபீஸ் நடத்துகிறார்கள். முட்டை லோடுதான் பல வருடத் தொழில். இந்த வருடம் ஒரு மருந்துக் கம்பெனிக்குக் குளிர்சாதன வண்டி ஓட்டுவதென்று சௌந்திரம் முடிவெடுத்து, இரண்டு வண்டியும் வாங்கிவிட்டார். கம்பெனியின் கண்டிஷன் ஒன்றுதான். வண்டிக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்பது எந்நேரமும் அவர்கள் திரையில் தெரிய வேண்டும். ஒரு மாதம் சோதனை. தேறினால்தான் ஒப்பந்தம்.

வண்டியிலிருந்து வரும் தகவல், ஆபீஸ் மூலையில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கிருந்துதான் கம்பெனிக்குப் போகும்.

ஆயுத பூஜையன்று சௌந்திரம் பொரி வாங்கிக்கொண்டு ஆபீசுக்குள் நுழையும்போதே கம்பெனி அதிகாரி போன் செய்தார்.

"மேடம், ரெண்டு வண்டியும் ஒரு மணி நேரமா திரையில காணோம்."

கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே செவ்வந்திச் சரம்.

"தம்பி, இத யாரு நிறுத்துனது?"

"நாந்தானுங்க அண்ணி. ஸ்பேனர், ஜாக்கி எல்லாத்துக்கும் இன்னிக்கு லீவு. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"நம்ம வண்டி நாக்பூர் ரோட்டுல ஓடுதே, அதுக்கு லீவு உட்டீங்களா?"

சௌந்திரம் சுவிட்சைப் போட்டார்.

"பூஜை முடியலீங்களே அண்ணி!"

"சாமி கோவிச்சுக்காது. கம்பெனிக்காரன் கோவிச்சுக்குவான்."

அதிகாரியிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். "எங்க ஆளே நிறுத்திட்டாங்க. மருந்த டெஸ்ட் பண்ணுங்க, கெட்டிருந்தா நட்டம் எங்களுது. சோதனைய மறுபடி மொதல்ல இருந்து வைங்க."

"சரி. இன்னொருக்கா நின்னா அவ்வளவுதான் மேடம்."

உடனே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் பிரபாகரைக் கூப்பிட்டார்.

"அக்கா, வெளிய வாடகைக்கு சர்வர் எடுத்துக்கலாம். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும். ஆபீஸ்ல கரண்டு போனாலும் கவலையில்ல. செலவு ஆகும்."

"ஆகட்டும். இன்னிக்கே ஆரம்பி."

"காசுக்கு எங்க போறதுங்க?" என்றார் கருப்பண்ணன்.

"மூணாவது வண்டிக்கு வெச்சது இருக்குதே."

"அண்ணி! பாடி கட்ட வெசாரிச்சாச்சு. ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன்."

"இருக்கற ரெண்டையே அவங்க கண்ணுல காட்ட முடியல. மூணாவத வாங்கி என்ன பண்ண?"

கருப்பண்ணன் வாசலுக்குப் போய் நின்றார். அங்கிருந்தே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் போன் போட்டார்.

"அண்ணா, நம்ம வண்டிய இப்போதைக்கு எடுக்க வேண்டாமுங்க... அட, நொடிச்சுப் போகலீங்க! மொதல்ல ஆபீச வண்டிக்குத் தக்கன மாத்தறோம். அப்பறம் வாரேன்."