வெஸ் போட்ட கையெழுத்து

வெஸ் போல்னரைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் லிண்ட்சே நோஸ்கேவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வியாழக்கிழமை வந்த வட்டாரப் பத்திரிகையில் ஒரு வார்த்தை இல்லை, முழுப் பக்கமே இருந்தது. கோப்பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே கொட்டை எழுத்தில்: ‘அடுத்த சீசனில் வெஸ்ஸின் முர்ரூக் அணியை அசைக்கப் போவது யார்?’

“மூஞ்சியப் பாரு. கப்பை இவனே பெத்தெடுத்த மாதிரி தூக்கி வச்சிருக்கான்.”

“மூணு பெத்திருக்கான்ல, இருக்காதா பின்ன?” என்றாள் ராலீன், ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி. கட்டிய பெண்டாட்டியே இப்படிச் சொன்னால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வெஸ்ஸும் லிண்ட்சேவும் ஒரே வாரத்தில், ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். ஒரே பள்ளிக்கூட பஸ். தார்ச்சாலைக்கு இந்தப் பக்கம் லிண்ட்சேவின் கோதுமை வயல், அந்தப் பக்கம் வெஸ்ஸுடையது. மழை வந்தால்கூட அந்தப் பக்கம் நின்று பெய்துவிட்டு இந்தப் பக்கம் தூறலோடு போய்விடும். மழையையாவது மன்னித்துவிடலாம். கால்பந்தை எப்படி மன்னிப்பது? டாரிக் ஊருக்காக முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஆடியவன் லிண்ட்சே. ஐந்து முறை இறுதிப் போட்டிக்குப் போய் ஐந்து முறையும் தோற்றவன். வெஸ் முழங்கால் உடைந்து பாதியில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் முர்ரூக்குக்குக் கோச்சாகி மூன்று கோப்பை வாங்கிவிட்டான். மூன்றாவது போன செப்டம்பரில், லிண்ட்சே கோச்சாக இருக்கும் டாரிக் பையன்களிடமிருந்து, நூறு புள்ளியைத் தொடுகிற ஆட்டத்தில் நாலே நாலு புள்ளி வித்தியாசத்தில். டாரிக் கமிட்டி லிண்ட்சேவைக் கூப்பிட்டு, “இன்னும் ஒரே ஒரு வருஷம்” என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு வருஷத்துக்குள் வெஸ்ஸைத் தோற்கடித்துச் சாம்பியன் கொடியை ஏற்ற வேண்டும். அதைத் தவிர லிண்ட்சேவின் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை.

பத்திரிகைக்காரன் சவால் விடக்கூடிய அணிகளை வரிசைப்படுத்தியிருந்தான். கல்லாரா: உழைப்பு உண்டு, கோல் அடிக்க ஆளில்லை. மற்ற மூன்று ஊர்களுக்கும் தலைக்கு ஒரு வரி. கடைசியில் டாரிக்: ‘ப்ரோடி கெல் வந்தால் முர்ரூக்குக்கு நிஜமான எதிரி இவர்கள்தான். வராவிட்டால் பழைய கதை.’

ப்ரோடி மெல்போர்னில் பெரிய லீக்கில் ஒன்பது வருஷம் ஆடியவன். இடுப்பு ஒத்துழைக்கவில்லை என்று அங்கே கழற்றிவிட்டார்கள். இப்போது டாரிக்கில் அப்பாவின் பண்ணைக்கே திரும்பி வந்துவிட்டான். பெரிய லீக்குக்கு ஆகாத இடுப்பு எங்கள் பக்கத்து மைதானங்களுக்கு ரொம்பவே அதிகம். “உங்ககிட்டதான் ஆடப்போறேன் கோச்” என்று அவன் கை கொடுத்தபோது லிண்ட்சே மனதுக்குள் கொடியையே ஏற்றிவிட்டான்.

திங்கட்கிழமை மார்ஜரி ஃபோன் செய்தாள். லீக்கின் செயலாளர், நாற்பது வருஷத்து ஆட்டப் புத்தகங்கள் அவள் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன.

“லிண்ட்சே, ப்ரோடி கெல்லுக்கு ஒரு பாயின்ட்டுன்னு எழுதிக் கொடுத்திருக்கே.”

“ஆமா. இந்த ஊர்ப் பையன்தானே?”

எங்கள் லீக்கில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பாயின்ட் உண்டு. சின்ன வயதில் அந்த ஊருக்காக நாற்பது ஆட்டம் ஆடியிருந்தால் அவன் சொந்தப் பையன், ஒரு பாயின்ட். வெளியாள் என்றால் ஆறு வரைக்கும் போகும். ஒரு அணியின் மொத்தம் நாற்பதைத் தாண்டக் கூடாது. பணக்கார ஊர் நல்ல ஆளையெல்லாம் அள்ளிக்கொண்டு போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு. டாரிக் ஏற்கெனவே முப்பத்தொன்பதில் நின்றது.

“முப்பத்தெட்டு ஆட்டம்தான் இருக்கு” என்றாள் மார்ஜரி. “ரெண்டு குறையுது.”

“நல்லா எண்ணிப் பாரு.”

“மூணு தடவை எண்ணிட்டேன். அவன் ஆடின பதினாலு வயசு டீமுக்கு நீதான் கோச். கடைசி ரெண்டு ஃபைனல்ஸ்லயும் அவனை எடுக்கல. அவனுக்குப் பதிலா யாரைப் போட்டேன்னு இருக்கு. படிக்கவா?”

“வேண்டாம்” என்றான் லிண்ட்சே.

படித்துத்தான் தெரிய வேண்டுமா என்ன? போட்டது தன் மகன் ட்ராயை. ட்ராய் இப்போது பெர்த் பக்கம் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான்; பந்தைத் தொட்டுப் பத்து வருஷம் இருக்கும். அந்த வருஷமே ப்ரோடியின் அப்பா கோபித்துக்கொண்டு பையனை முர்ரூக்கில் கொண்டுபோய் விட்டார். அங்கே அவனைத் தட்டிக் கொடுத்து ஆளாக்கியவன் யார்? வேறு யார், வெஸ்தான்.

“ஒரு வழி இருக்கு” என்றாள் மார்ஜரி. “அவன் கடைசியா ஜூனியர் ஆடினது முர்ரூக்ல. அந்தக் கோச் ‘இவனை டாரிக் பையன்னு எடுத்துக்கலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா நான் ஒத்துக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் கைக்கு வரணும்.”

வெஸ்ஸிடம் போய் நிற்பதா? செவ்வாய் முழுவதும் அதற்கு லிண்ட்சேவின் கால் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எப்படியும் மாட்டேன் என்றுதான் சொல்வான். அப்படிச் சொன்னால் என்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று வெஸ்ஸின் நீளமான பண்ணைப் பாதை முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினான். நல்ல நல்ல வசவுகளாகச் சேர்ந்திருந்தன.

வெஸ் ஆட்டுக் கொட்டகையில், முழங்கை வரைக்கும் அழுக்கோடு நின்றிருந்தான்.

“டேய் லிண்ட்! வாடா வாடா. என்னடா, அதிசயமா இருக்கு? ரோட்டைத் தாண்ட உனக்கு இத்தனை வருஷம் ஆச்சா?”

“ஒரு வேலையா வந்தேன்.”

“ப்ரோடி விஷயம்தானே? மார்ஜரி சொன்னா. எங்க போடணும்?”

லிண்ட்சே தாளை நீட்டினான். வெஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கம்பத்தில் தாளை வைத்து, ஆடுகளுக்குக் குறி போடுகிற பேனாவாலேயே பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். அவ்வளவுதான். ஒத்திகை பார்த்த வசவில் ஒன்றுக்குக்கூட வேலை வரவில்லை.

“படிச்சுப் பாத்துப் போடுடா.”

“என்னத்தப் படிக்கிறது? எங்க பசங்க கொழுத்துப் போய்க் கிடக்கானுங்கடா. போன வருஷம் உங்ககூட ஆடின ஃபைனலோட கடைசி கால்வாசியிலதான் வேர்வையே வந்துச்சு. எதிர்ல ஒருத்தன் நின்னாத்தானே ஓடுவானுங்க? நீ நில்லு.” ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். “எங்க கமிட்டிக்கு மட்டும் இப்பத் தெரிய வேணாம், தோலை உரிச்சுடுவானுங்க. சீசன் ஆரம்பிக்கட்டும், நானே சொல்லிக்கிறேன். நீ கப்பு ஜெயிச்சேன்னா மேடையில என் பேரை ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்.”

சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தான். அது விளையாட்டுக்குச் சொன்னது என்று ஆட்டுக்குக்கூடப் புரிந்திருக்கும். லிண்ட்சேவுக்கும் புரியத்தான் செய்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு காதிலேயே உட்கார்ந்துகொண்டது. மேடையில் உன் பேரையா? முப்பது வருஷம் முட்டி மோதி ஒரு கோப்பை வாங்கினால் அதுவும் நீ போட்ட பிச்சையா? ஊர் என்ன பேசும்? வெஸ் பெரிய மனசுக்காரன், நோஸ்கேவும் ஒன்று ஜெயிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தான் என்று பேசும். அவன் ஜெயித்தாலும் அவனுக்குப் பெருமை, நான் ஜெயித்தாலும் அவனுக்கே பெருமை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அன்று மாலைப் பயிற்சியில் வண்டியை விட்டு இறங்குவதற்குள் கேப்டன் டல்லஸ் ஷியர் ஓடி வந்தான். பின்னாலேயே ஏழெட்டுப் பேர்.

“என்ன ஆச்சு கோச்? போட்டாரா?”

தாள் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் முடிந்தது. லிண்ட்சேவின் வாய் சொன்னது:

“மாட்டேன்னுட்டான்.”

டல்லஸ் கையிலிருந்த பந்தைத் தரையில் அறைந்தான். பிறகு ஆரம்பித்தார்கள். “பயந்தாங்கொள்ளிப் பய!” “மூணு கப்பு வாங்கியும் அடங்கலையா அந்தாளுக்கு?” “அத்தனை பல்லையும் காட்டிச் சிரிக்கும்போதே நெனச்சேன், உள்ள விஷம்னு!” லிண்ட்சே கேட்டுக்கொண்டே நின்றான். வெஸ் போல்னரை ஒரு கூட்டமே திட்டி அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. அதில் கிடைத்த சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. அன்று பையன்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, ப்ரோடி இல்லாமலேயே ஜெயித்துவிடலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை இருக்கிறதே, மனசு மாறிப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவன் பழுதே இல்லாத வேலி ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

ப்ரோடியிடம் ஃபோனில் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. “வெஸ்ஸா? அவர் அப்படிப்பட்ட ஆளில்லையே.”

“ஆள் மாறிட்டான்ப்பா” என்றான் லிண்ட்சே.

டாரிக்கில் ஆறு பாயின்ட்டுக்கு இடமில்லை. கல்லாராவில் இருந்தது. ப்ரோடி வாரத்தில் மூன்று நாள் முக்கால் மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருந்தாலும் அங்கே போய்ச் சேர்ந்தான். பத்திரிகைக்காரன் வரிசையைத் திருத்தி எழுதினான்: முர்ரூக்குக்கு நிஜமான எதிரி கல்லாரா. டாரிக்குக்கு ‘பழைய கதை’ என்ற இரண்டே வார்த்தை. அது வந்த அன்று வெஸ் நாலு முறை ஃபோன் செய்தான். லிண்ட்சே எடுக்கவில்லை.

“அடிச்சுக்கிட்டே இருக்கே, எடுத்துத்தான் பேசேன்” என்றாள் ராலீன்.

“அவன்கிட்ட எனக்கென்ன பேச்சு?”

ஏப்ரல் முதல் சனிக்கிழமை சீசன் தொடங்கியது. சாம்பியன் அணி தன் மைதானத்தில், போன வருஷ ஃபைனலில் தோற்ற அணியின் முன்னால்தான் கொடி ஏற்றும். தோற்ற அணி வரிசையில் நின்று பார்த்துக் கை தட்ட வேண்டும். அதற்கு முன் தோற்றவர்களின் கேப்டன் போய் ஜெயித்த கோச்சுக்குக் கை கொடுக்க வேண்டும். முர்ரூக் மைதானத்தைச் சுற்றிக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. கொடிக்கயிற்றில் கை வைத்ததுமே அலற எல்லா ஹாரன்களும் தயாராக இருந்தன.

வெஸ் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். டல்லஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“என்ன தம்பி?”

“ஒரு கையெழுத்துப் போட முடியாதவர் கையை நான் தொட மாட்டேன்” என்றான் டல்லஸ். வரிசை முழுக்கக் கேட்டது.

வெஸ்ஸின் சிரிப்பு போய்விட்டது. “எந்தக் கையெழுத்து? ப்ரோடிக்கா? அதான் போட்டுக் கொடுத்தேனே. எங்க கொட்டகையிலயே, லிண்ட்சே கையிலயே கொடுத்தேன்.” பக்கத்தில் நின்ற முர்ரூக் கமிட்டித் தலைவரின் முகம் கறுத்தது. வெஸ் அதைக் கவனிக்கவில்லை. அவன் லிண்ட்சேவைத்தான் பார்த்தான். “டேய், தாளைத் தொலைச்சுட்டியா? கேட்டிருந்தா இன்னொண்ணு போட்டுக் கொடுத்திருப்பேனேடா.”

டல்லஸ் திரும்பினான். “கோச்?”

ஆமாம், தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வெஸ்ஸே வழி காட்டிவிட்டான். அவன் காட்டிய வழி என்பதாலேயே லிண்ட்சேவால் அதில் போக முடியவில்லை.

“அவன் கொடுத்து நாம ஜெயிக்கணுமாடா?” என்றான்.

பின்னால் கட்டியிருந்த கையை டல்லஸ் எடுத்துவிட்டான். “நாங்க ஜெயிக்கணும்னுதான் ஆசைப்பட்டோம் கோச்” என்றான், சத்தம் போடாமல். “உங்களுக்கு அவர் தோத்தா போதும்.”

பிறகு வெஸ்ஸிடம் போய் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “மன்னிச்சிடுங்க. தெரியாமப் பேசிட்டேன்.” அவன் பின்னால் இன்னொருவன் போனான். பிறகு எல்லாரும் ஒவ்வொருவராகப் போனார்கள். கொடி மேலே ஏறியபோது டாரிக் பையன்கள் கை தட்டினார்கள். செப்டம்பரில் வெஸ்ஸுக்குக் கோப்பை கொடுத்தபோது மரியாதைக்கு நாலு தட்டு தட்டி நிறுத்திக்கொண்டவர்கள், இப்போது கொடி உச்சிக்குப் போய் நிற்கிற வரைக்கும் தட்டினார்கள்.

வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கம் பிறகு வந்தது, நிறையவே வந்தது. ஆனால் அந்த இடத்தில் லிண்ட்சேவுக்கு முதலில் வந்தது பழைய வயிற்றெரிச்சல்தான். மழையை எடுத்துக்கொண்டான், கோப்பையை எடுத்துக்கொண்டான், கடைசியில் என் பையன்களையும் எடுத்துக்கொண்டானே!

ஆட்டம் தொடங்க ஏழு நிமிடம் இருந்தது. பையன்கள் அவனைக் கடந்து உடை மாற்றும் அறைக்குள் போனார்கள். கோச் உள்ளே போய் அவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் கதவுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே டல்லஸ் பேச ஆரம்பித்துவிட்டது கேட்டது.