துடைத்த முகம்

படகிலிருந்து இறக்கிய பெட்டியைப் பாய்மேல் வைத்து மூடியைத் திறந்ததும், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரி வைக்க மூச்சை இழுத்தார்கள். இழுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தியும் அழவில்லை.

இந்தக் கரையில் பிணம் வந்து இறங்கினால் சொந்தக்காரப் பெண்கள் முகத்தைப் பார்த்து ஓலமிட்ட பிறகுதான் பாதிரியார், குழி எல்லாம். ஓலம் எழாமல் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள்.

"யாருடி இது?" என்றாள் நிதா, செத்துப்போன புளோரன்ஸின் தங்கை. துக்கத்துக்கு முகமெல்லாம் அடுப்புக்கரி பூசியிருந்தாள். "எங்க அக்கா எங்க?"

"அம்மாதான் சித்தி. நல்லாப் பாரு" என்றாள் புளோரன்ஸின் மகள் டெல்மா.

"நான் நல்லாத்தான் பாக்கறேன். நீ பாத்தியா?"

டெல்மா பார்த்திருக்கவில்லை. தலைநகர் மோர்ஸ்பியிலிருந்து விமானம், படகு என்று பெட்டியோடுதான் வந்தாள். மூடியைத் திறக்க மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை. இப்போது எட்டிப் பார்த்தாள். வெளுத்த நிறத்தில், வழுவழுவென்ற கன்னத்தோடு யாரோ ஒரு பெண் படுத்திருந்தாள். முகத்தில் ஒரு கோடு கிடையாது.

புளோரன்ஸின் முகம் கோடுகளால் ஆனது. வயசுக்கு வந்த வருஷம், எலுமிச்சை முள்ளால் நெற்றியிலிருந்து தாடை வரை குத்திய பச்சை. அந்த முகத்தோடுதான் முதல் தடவை ஜெயித்து எம்.பி. ஆனாள். இரண்டாம் தேர்தலுக்கு முன், தீவு நாடுகளில் பதவியில் இருக்கும் கறுப்புப் பெண்களைப் படம் பிடித்து ஆவணமாக்க வேரா என்றொருத்தி வந்தாள். மூன்று நாள் புளோரன்ஸின் பின்னாலேயே அலைந்து, மீன் செதில் சீவிக்கொண்டே பஞ்சாயத்துப் பேசும்போது ஒரு படம் எடுத்தாள். கோடு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போல விழுந்த படம் அது.

பிரசாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த டெல்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "காட்டு மூஞ்சியா இருக்கும்மா. டவுன்காரன் ஓட்டுப் போடமாட்டான்" என்றாள். பெற்ற தாயைப் பார்த்துச் சொன்னாள், பாவி. ஸ்டூடியோவில் கொடுத்து அதே படத்தை வெளுக்க வைத்து, பச்சையை அழித்துப் போஸ்டர் போட்டாள். புளோரன்ஸ் போஸ்டரை வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கா. ஓட்டு இவளுக்கே விழட்டும்."

அவ்வளவுதான். வேரா கொடுத்த படத்தைக் கொண்டுபோய்த் தன் அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டிக்கொண்டாள்.

பிணவறையில், முகத்தைச் சீர்செய்ய ஒரு படம் வேண்டும் என்று கேட்டார்கள். டெல்மாவின் பையில் இருந்ததெல்லாம் போஸ்டர்தான். ஒன்றை உருவிக் கொடுத்தாள்.

இப்போது, பூச்சைத் துடைக்க எண்ணெயும் துணியும் கொண்டுவரச் சொன்னாள்.

"நல்லாத்தானே செஞ்சிருக்காங்க" என்றார் கட்சிச் செயலாளர் கிளமென்ட். கையில் தேசியக் கொடி மடித்து வைத்திருந்தார். "டிவிக்காரங்க வேற வந்திருக்காங்க. நாட்டுக்குத் தெரிஞ்ச முகம் இதுதான். தொடாதம்மா."

"தள்ளுங்கண்ணே."

"நான் சொல்றதைக் கேளு டெல்மா..."

"தள்ளுங்கன்னு சொல்றேன்ல!"

தேங்காய் எண்ணெயும் கந்தல் துணியும் வந்தன. டெல்மா துணியைச் சித்தியிடம் நீட்டினாள். நிதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் எதுக்கு? அழிச்சவ நீ. நீயே துடை."

டெல்மா பெட்டியருகே மண்டியிட்டாள். துணி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. கோடு எங்கே தொடங்கும்? புருவத்திலா, மூக்கோரத்திலா? முப்பது வருஷம் அந்த முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டவளுக்கு அது நினைவில் இல்லை. வெட்கம் காதுவரை சுட்டது.

நிதா எழுந்து சமையல் குடிசைக்குள் போனாள். புகையேறி ஓரம் சுருண்ட படத்தோடு வந்து, டெல்மாவின் கண்ணுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்தாள். திட்டவில்லை.

டெல்மா படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தாடையிலிருந்து மேலே துடைத்தாள். ஜில்லென்றிருந்தது. பூச்சு துணியில் பிஸ்கட் நிறத்தில் அப்பிக்கொண்டு வந்தது. அதனடியில் கறுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. அதையொட்டி இன்னொன்று. மூக்கோரத்துச் சுழி, நெற்றியின் இரட்டைக் கோடு. துணியை மடித்து மடித்துத் துடைத்தாள்.

"அக்கா..." என்றாள் நிதா. குரல் உடைந்தது. "வந்துட்டியா அக்கா?"

பின்னாலிருந்து ஒருத்தி வீறிட்டாள். அடுத்தவள் மாரில் அடித்துக்கொண்டாள். கரை முழுக்க ஓலம் கிளம்பிற்று. கிளமென்ட் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

டெல்மா அழவில்லை. இடது காதோரம் இன்னும் கொஞ்சம் பூச்சு பாக்கியிருந்தது.