பட்டாணியின் முதுகில் நீலம்

பட்டாணி தெருநாய்தான். ஆனால் முடிச்சூரில் எங்கள் ஃபிளாட் வாசலில் நாலு வருஷமாகத் தயிர்சாதம் போட்டு அதை வளர்த்தவள் நான். ஆறு மாதம் முன்பு இரண்டாம் மாடிக்கு ஸஹானா குடிவந்தாள், நாவலூரில் ஐ.டி. வேலை. அவள் அவித்த முட்டை போட்டாள். அவ்வளவுதான், அவள் கதவடியிலேயே படுக்க ஆரம்பித்தது. நன்றியுள்ள பிராணியாம்! எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மாநகராட்சியிலிருந்து தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வந்தார்கள். பழகியவர்கள் பிடித்துக்கொடுத்தால் வலை வீசமாட்டார்கள். போட்ட நாய்க்கு முதுகில் நீலச் சாயம் அடையாளம். முதல் நாள் அடுத்த தெரு முடிந்தது. மறுநாள் எங்கள் தெரு என்றதும் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டார்: "ஸஹானா பிடிச்சுக்கட்டும். பட்டாணி அவ சொன்னாதான் கேட்கும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. விடிந்ததும் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பட்டாணியின் வெள்ளை முதுகில் தடவினேன். "நேத்தே அடுத்த தெருவுல போட்டாச்சு, நான்தான் பிடிச்சேன்" என்று குழுவில் எழுதினேன். ஊசிக்காரர்களிடமும் அதையே சொன்னேன். நம்பிப் போய்விட்டார்கள்.

பத்தாம் நாள் வேற்றுத்தெரு நாயோடு பட்டாணி மல்லுக்கு நின்றது. விலக்கப்போன ஸஹானாவின் மணிக்கட்டில் பட்டாணியின் பல் பட்டது. குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, ஆட்டோவில் ஏற்றி, தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஆட்டோக்காரரை விரட்டினேன்; உண்மையை மட்டும் சொல்லவில்லை.

நர்ஸ் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, "மூணாம் நாள், ஏழாம் நாள்னு சீட்டுல இருக்கிற எல்லா தேதிக்கும் வரணும்" என்றார்.

"லீவு கிடைக்காது சிஸ்டர். ஊசி போட்ட நாய்தானே, இது ஒண்ணு போதும்" என்றாள் ஸஹானா.

"போட்ட நாயா இருந்தாலும் பாதியில விடக்கூடாதும்மா. வெறிநோய் வந்துட்டா காப்பாத்த முடியாது. யாரோட நாய்?"

"எங்க வேதா ஆன்ட்டியோடது" என்று ஸஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட முட்டைக்குத்தான் வரும். ஆன்ட்டியே பிடிச்சு ஊசி போட்டாங்க. அதான் எனக்குப் பயமே இல்லை."

ஆறு மாதமாக நான் கேட்கத் துடித்த வார்த்தை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு ஊசிகூட விடாதே ஸஹானா. அதுக்குப் போடவே இல்லை. நீ பிடிக்கக்கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அவள் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.