மூன்றாவது மாடியில் ஒகுனோ

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஐஸ் பெட்டி சிக்கிக்கொண்டது. நான்கு பேர் சாய்த்தும் தூக்கியும் பார்த்தார்கள். ஒரு மூலை உரசிச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம். மேல்படியில் நின்றிருந்த ஜெசிந்தாவிடம் அவள் தம்பி ஏசுராஜ் சொன்னான்.

"பொட்டி திரும்பாதுக்கா. ஏசியப் போட்டு வுடு. சாய்ங்காலம் மாமாவ சேர்ல ஒக்கார வெச்சு எறக்கிக்கலாம்."

அவள் தலையசைத்தாள். விடியற்காலையில் இறந்துபோன அவள் கணவர் ஒகுனோ, பக்கவாதம் வந்ததிலிருந்து நான்கு வருடமாக இறங்காத படிகள் அவை.

ஒகுனோ டோக்கியோவில் இருபது வருடம் கார்ட்டூன் படங்களுக்கு வரைந்தவர். ஒரு டிவி தொடரை இயக்கவும் செய்தார். இரண்டாவது தொடரில் கடைசிக் காட்சியை மாற்றச் சொன்னார்கள். மறுத்துவிட்டு வெளியே வந்தார். அதன்பிறகு அங்கே யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வெளிநாட்டுத் தொடர்களுக்குக் கூலிக்கு வரைந்துகொடுத்த கோடம்பாக்கம் ஸ்டுடியோ ஒன்றுக்கு மேற்பார்வை பார்க்க வந்தபோது வயது நாற்பத்திரண்டு.

ஜெசிந்தா அங்கே கீழ்த்தளத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மீன்காரி கூடையோடு எழும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள் என்று ஒருநாள் அவளிடம் வந்து கேட்டார். அவள் பட்டினப்பாக்கத்துக்குக் கூட்டிப்போய்த் மீன் விற்கும் தன் அம்மாவைக் காட்டினாள். ஒரு வாரம் மீன்கடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வரைந்தார். அடுத்த வருடம் கல்யாணம்.

அந்த மீன்காரியை வைத்துச் சொந்தமாக ஒரு படம் ஆரம்பித்தார். பதினோரு நிமிடம் முடிந்திருந்தபோது ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். படத்தை முடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று சொல்லி, மந்தைவெளி வீட்டில் ஜன்னலோரம் மேசை போட்டுத் தனியாக வரைந்தார். தன் மொழியை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. "இன்னாமே, துன்னியா?" என்று கேட்கும் அளவுக்குப் பட்டினப்பாக்கம் அவர் நாக்கில் ஏறியிருந்தது.

பக்கவாதம் வலது கையோடு அந்தத் தமிழையும் கொண்டுபோனது. ஜப்பானிய மொழியில் ஏழெட்டுச் சொற்கள் மிஞ்சின. அவர் சொல்வதைச் செல்போனில் மொழிபெயர்க்கப் போட்டுப் பார்த்தாள். குழறலைக் கேட்டு அது வேறெதையோ காட்டியது. மேசையைப் பார்த்தால் மனுஷன் நொந்துபோவார் என்று அதை விற்றுவிட்டு, காகிதங்களைப் பரணில் ஏற்றினாள். பால் வாங்கப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவாள். அரை மணிக்குமேல் எங்கும் நின்றதில்லை. மாதா கோயிலுக்குப் போவதும் நின்றுபோனது.

மதியம் பெங்களூரிலிருந்து சுஹாஸ் வந்தான். ஸ்டுடியோவில் ஒகுனோவின் பக்கத்து மேசைக்காரன்; அது மூடியபின் இப்போதுதான் வருகிறான். அவரிடம் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டவன். கட்டிலருகே உட்கார்ந்தான். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"சுஹாஸ், 'மோ இச்சிமாய்'னா இன்னா?"

"யாருக்கா சொன்னது?"

"அவருதான். தெனம் சாய்ங்காலம் சொல்லுவாரு. ஜன்னலப் பாத்துக்கினே. நேத்துகூட."

சுஹாஸ் டீயைத் தரையில் வைத்தான். "ஸ்டுடியோல எங்ககிட்ட நாள்பூரா சொல்றதுதான்க்கா. இன்னும் ஒரு ஷீட்டு குடுன்னு அர்த்தம். வரையறதுக்கு."

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மடித்து வைத்திருந்த போர்வையை இன்னொரு தடவை மடித்தாள்.

"குளுருதுன்னு நெனச்சேன்," என்றாள். "ஜன்னல மூடிட்டுப் போத்தி வுடுவேன்."

சுஹாஸ் பரணில் இருந்த காகிதக் கட்டுகளை அண்ணாந்து பார்த்தான்.

"எடது கை நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் பிறகு.

பரணிலிருந்து ஒரு காகிதம் எடுத்து அவர் கையில் வைக்கட்டுமா என்று சுஹாஸ் தயங்கிக் கேட்டான். வேண்டாம் என்றாள்.

நான்கரை மணிக்கு வேட்டியால் நாற்காலியோடு கட்டி அவரை இறக்கினார்கள். மூன்று மாடிக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜெசிந்தா அமரர் வண்டியில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

மெயின்ரோட்டில் திரும்பியதும், மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தகரச் சுவரை ஒட்டி வண்டி நின்றுபோனது. முன்னால் பஸ், பின்னால் பஸ். அரை மணியாவது ஆகும் என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

"எறங்கி செத்த நேரம் காத்தாட நில்லுக்கா," என்றான் ஏசுராஜ்.

அவள் இறங்கவில்லை. ஜன்னல் முழுவதும் நீலத் தகரம், இன்னும் வரையாத ஷீட்டு மாதிரி. சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்து மெதுவாக மேலேறிக்கொண்டிருந்தது. அது விளிம்பைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.