விட்டுக் கொடுத்த பந்து

சூரியநெல்லிக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட் பங்களாவில் ஒரு டிவி பெட்டி இருந்தது. அதில் ஒருநாளும் படம் வந்ததில்லை. எப்படி வரும்? எழுபத்தெட்டாம் வருஷம் அது. மெட்ராஸில்தான் படம் காட்டுகிறார்கள் என்று பேச்சு. இந்த மலையில் முடுக்கிவிட்டால் கண்ணாடி முழுக்க ரவையைக் கொட்டினாற்போல் பொரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒன்றுக்கும் ஆகாத பெட்டிக்கு இத்தனை சீராட்டா, பூப்போட்ட துணியால் மூடுவதென்ன, அதற்கென்று தனி மேசை என்ன என்று மனசுக்குள் வைதுகொண்டேதான் சந்தனம் தினமும் அதைத் துடைத்தாள்.

பெட்டி எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. எஸ்டேட் மேனேஜரைத் துரை என்பார்கள், அவர் மனைவி தொரசாணி. அவள் தம்பி குவைத்தில் வேலை பார்த்தான். டிவியோடு சேர்த்து இன்னொரு சின்னப் பெட்டியும் அனுப்பியிருந்தான். அதை ஒயரால் டிவியில் மாட்டினால் ரவை எல்லாம் மறைந்து, கண்ணாடி கருப்பாகிவிடும். நடுவே ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் குச்சி, ஒரு வெள்ளைப் புள்ளி. ஆளுக்கொரு குமிழைக் கையில் பிடித்துத் திருகினால் குச்சி மேலும் கீழும் போகும். புள்ளிதான் பந்து, குச்சிதான் மட்டை. பந்து மட்டையில் பட்டால் ‘டொக்’.

துரைக்கு அதில் இரண்டு நாளில் அலுத்துவிட்டது. தொரசாணி பாலக்காட்டு டவுனில் கூட்டமும் கூச்சலுமாக வளர்ந்தவள். பிள்ளை குட்டி இல்லை, பேச ஆள் இல்லை, ஆறு மாசம் மழை. மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சந்தனத்தைக் கூப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர்க்குமிழைப் பிடி என்றாள்.

சந்தனத்துக்கு அப்போது விளையாடுகிற மனசா இருந்தது? அவள் புருஷன் குருசாமி மழைக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தான். எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் செத்தால் அவன் பேர் அவன் பிள்ளைக்குப் போகும். பேர் என்றால் நிரந்தர வேலை. பேர் இருந்தால்தான் லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், வீடு. பேர் போனால் வீடும் போகும். பங்களா வேலை துரை வீட்டு வேலை, அதற்குப் பேர் கிடையாது. அவள் மகள் மூக்கம்மாளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, தேயிலைக் கொழுந்து கிள்ளக் கையும் பழகியிருந்தது. வழக்கப்படி அப்பன் பேர் அவளுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வருஷம் பார்த்து, செத்தவர் பேரை நிரப்ப வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு. யூனியன்காரர் கையை விரித்துவிட்டார். துரைக்கும் மேலே இருக்கிற பெரிய துரை மனசு வைத்தால் உண்டு, இல்லையென்றால் பொங்கலோடு வீட்டைக் காலி பண்ண வேண்டும். பெற்ற பிள்ளையைப்போல் இருபது வருஷம் மெழுகிப் பார்த்த வீடு.

அதனால்தான் முதல் நாள் குமிழைப் பிடித்ததும் சந்தனம் தோற்றாள். வேண்டுமென்றே தோற்றாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துரை ஜீப் சத்தம் வளைவில் கேட்டால் போதும், தோட்டத்து ஆட்கள் எவ்வளவு மழையாக இருந்தாலும் குடையை மடக்கிவிட்டு, பாதையை விட்டு ஓடையில் இறங்கி நிற்பார்கள். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று, குடை இன்னும் மடங்கிக்கொண்டுதான் இருந்தது. சூப்பர்வைசர் கபிரியேல் மூணாறு வரைக்கும் போய்ப் பந்தடித்துக் கப்பு வாங்கினவர். கிளப்பில் துரையோடு ஆடினால் மட்டும் அவர் அடிக்கிற பந்தெல்லாம் வலையிலேயே போய் விழும். கப்பு வாங்கின கைக்கே அந்த கதி என்றால் பாத்திரம் கழுவுகிற கை எம்மாத்திரம்?

தொரசாணி மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். குமிழை மெத்தை மேல் எறிந்தாள்.

“சந்தனம், நீ வேணும்னே தோத்துத் தர்ரே, அல்லே?”

“இல்ல தொரசாணி. எனக்கு வரல.”

“பொய் சொல்லாதே. எல்லாரும் எங்கிட்டே இதேதான் பண்றா. நான் சொன்னா சிரிப்பு, நான் பாடினா கைதட்டல். எனக்கு வெறுத்துப் போச்சு. இனிமே வேணும்னு தோக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு. ஒழுங்கா ஆடு. உன் பொண்ணு காரியம் பெரிய துரை வரும்போ நானே பேசறேன்.”

சந்தனம் தயங்கித் தயங்கி அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். சாயங்காலம் லயத்துக்குப் போய் மகளிடம் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“செயிக்கணுமாம்ட்டி. செயிச்சாத்தான் பேசுவாகளாம்.”

“பணக்காரவுக கிறுக்கு யாருக்கும்மா வெளங்குது. செயிச்சிட்டுப் போயேன்” என்றாள் மூக்கம்மாள்.

செயித்தாள். கேட்டீர்களா, அந்தக் குமிழ் அவள் கைக்குள் அப்படி அடங்கிவிட்டது. விரலை ஒரு பொட்டு அசைத்தால் மட்டை அந்த இடத்தில் போய் நிற்கும். பெட்டியில் ஒரு சின்னப் பித்தானைத் தள்ளினால் ஆட்டம் மாறும். ஒவ்வொன்றும் அவளுக்கு ஒவ்வொரு விதமாகப் பட்டது. பந்தடிப்பது சண்டை. பக்கத்து வீட்டுக்காரியோடு வேலிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்று பேச்சுக்குப் பேச்சு கொடுப்பது மாதிரி, சுகமான சண்டை. கால்பந்து அவளுக்கு ஆகவில்லை. அதில் ஒரே குமிழுக்கு இரண்டு குச்சி. முன்னால் ஒருத்தன் ஓடினால் பின்னால் நிற்கிறவனும் கூடவே ஓடுவான். தனக்கென்று ஒரு புத்தி இல்லாத ஜென்மங்கள் என்று எரிச்சல் வரும். துப்பாக்கி ஆட்டமும் உண்டு, பிளாஸ்டிக் துப்பாக்கியால் ஒரு வெள்ளைக் கட்டத்தைச் சுட வேண்டும். தொரசாணி ஆசை ஆசையாய்ச் சுடுவாள். சந்தனம் ஒருதரம் சுட்டுவிட்டு வைத்துவிட்டாள். அது ஓடவும் தெரியாமல், கத்தவும் தெரியாமல் தேமே என்று நிற்கிறது, அதைப் போய்ச் சுடுவது என்ன பெருமை?

சுவர்ப்பந்துதான் அவளுக்கு உசிர். அதில் எதிர்ப்பக்கம் ஆள் கிடையாது, சுவர். தொரசாணி குச்சியும் அவள் குச்சியும் ஒரே பக்கம் நிற்கும். ஒருதரம் அவள், ஒருதரம் இவள் என்று மாறி மாறிச் சுவரில் அடிக்க வேண்டும். அந்த ஆட்டத்தின்போது தொரசாணி மெத்தையிலிருந்து இறங்கி அவளோடு தரையில் உட்கார்ந்துகொள்வாள். தோளோடு தோள் இடிக்கும். “அய்யோ சந்தனம், போச்சு, போச்சு” என்று அவள் தொடையில் அடிப்பாள். தொரசாணி வெளியே போயிருக்கிற நாளில் சந்தனம் தனியாகவும் ஆடியிருக்கிறாள். ஒற்றை மட்டை, ஒரு சுவர். யாருக்கும் வழிவிட வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். புருஷன் செத்த பிறகு அவள் மனசு லேசாக இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். அதைச் சொன்னால் ஊர் காறித் துப்பும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய துரை வந்தார். கூடவே பக்கத்து எஸ்டேட் துரைமார் இரண்டு பேர். சந்தனம் வடை சுட்டாள், கேக்கு வெட்டினாள், தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தாள். கால் தரையில் நிற்கவில்லை. இன்றைக்குத் தொரசாணி பேசிவிடுவாள். உள்ளே அவர்கள் டிவி பெட்டியைச் சுற்றி நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரிய துரை எல்லோரையும் ஜெயித்துக்கொண்டிருந்தார். பெரிய துரை ஆயிற்றே, ஜெயிக்காமல் இருப்பாரா?

பிறகு தொரசாணி இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். பேச்சுக்கு நடுவே “சந்தனம்” என்று தன் பேர் வந்தது அவளுக்குக் கேட்டது. பெரிய துரை திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். அவரும் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொல்லி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

“வா சந்தனம். பெரிய துரையோட ஆடு” என்றாள் தொரசாணி. முகமெல்லாம் பூரிப்பு. “எப்பவும் ஆடற மாதிரி ஆடு.”

சந்தனம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெரிய துரை நாற்காலியில். பந்து வந்தது. கை தன்பாட்டுக்குத் திருகியது. டொக், டொக். பதினைந்து எடுத்தவருக்கு ஜெயம். கொஞ்ச நேரத்திலேயே அவள் பன்னிரண்டு, அவர் ஏழு.

அறையில் சிரிப்பு நின்றிருந்தது. பெரிய துரையின் காது சிவந்திருந்ததைச் சந்தனம் ஓரக்கண்ணால் பார்த்தாள். பங்களா துரை தொண்டையைக் கனைத்தார். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்? யார் கையெழுத்துப் போட்டால் என் பிள்ளைக்குப் பேரோ, அவரையா நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கிறேன்? தொரசாணி பக்கம் பார்த்தாள். தொரசாணி கண்ணை அகல விரித்து அவளையே வெறித்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. சந்தனத்துக்குப் புரிந்துவிட்டது. சத்தியம் நமக்குள்ளே, இவரிடம் விட்டுவிடு என்கிறாள். வாய்விட்டா சொல்ல முடியும்?

விட்டாள். அசிங்கமாக விடவில்லை, பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராதபடி நேர்த்தியாக விட்டாள். மட்டை பந்துக்குப் பக்கத்தில் போகும், ஒரு நூல் பிந்திவிடும். எட்டு, ஒன்பது, பத்து என்று அவர் ஏறினார். நடுவே ஒன்றை மட்டும் தானும் எடுத்து, மறுபடி விட்டாள். கடைசிப் பந்தும் போனபோது பெரிய துரை தொடையில் தட்டிச் சிரித்தார். சந்தனம் எழுந்து கும்பிட்டாள். அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ஒன்றே அவளுக்குப் போதுமாயிருந்தது. தொரசாணி விருட்டென்று உள்ளே போய்விட்டதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“பேரு வந்த மாதிரிதான்ட்டி” என்று அன்றைக்கு மகளிடம் சொன்னாள். “அவரு மொகத்தப் பாக்கணுமே, அப்படி ஒரு சிரிப்பு.” மிச்சம் வாங்கி வந்த கேக்கை இரண்டு பேரும் தின்றார்கள்.

மறுநாள் காலையில் தொரசாணி அவளை அடுப்படி வாசலிலேயே நிறுத்தினாள். கண் வீங்கியிருந்தது.

“ஏன் தோத்தே?”

சந்தனம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“உன் பொண்ணுக்குப் பேர் கேட்டேன். அவர் சிரிச்சார். சரி, இவ உங்களை ஜெயிச்சா தருவீங்களான்னு கேட்டேன். தரேன்னார். எல்லார் முன்னாடியும் வாக்குத் தந்தார். நீ தோக்கவே மாட்டேன்னு எனக்கு அத்தனை நம்பிக்கை.”

சந்தனம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே தொரசாணி.”

“சொல்லக்கூடாதுன்னார். சொன்னா உனக்குக் கை நடுங்கும், அப்புறம் அது நியாயமான ஆட்டம் இல்லேன்னார். நான் கண்ணால எத்தனை சொன்னேன், ஜெயி, ஜெயின்னு. நீ என்னைத்தானே பார்த்தே?”

“இன்னொருக்கா கேட்டுப் பாக்கக் கூடாதா?”

“கேட்டேன். பந்தயம்னா பந்தயம்தான்னுட்டார்.” தொரசாணி மூக்கை உறிஞ்சினாள். “எங்கிட்டே சத்தியம் பண்ணினியே சந்தனம். எனக்கு எத்தனை அவமானம் தெரியுமா?”

அவமானமாம். சந்தனம் அன்றைக்கு மதியம் வரைக்கும் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி மறுபடி தேய்த்தாள். மகளிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னபோது மூக்கம்மாள் கத்தவில்லை, அழவில்லை. “நீ வேணும்னேயா விட்ட?” என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு இரண்டு நாள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் சந்தனத்துக்குத் தாங்கவில்லை.

பொங்கல் கழிந்து சாமான்களைக் கட்டினார்கள். ஏலப்பாறையில் சந்தனத்தின் தம்பி வீரபாண்டி இருந்தான். அவன் லயத்து வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர், இனி ஒன்பது. அங்கே மூக்கம்மாளுக்குப் பேர் இல்லை, கூப்பிட்ட நாளைக்கு மட்டும் கூலி. சொல்லிக்கொண்டு போக சந்தனம் பங்களாவுக்கு வந்தாள். காலம் தப்பி மழை பிடித்திருந்தது. தொரசாணி ஒரு பழைய பட்டுச் சேலையை மடித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பெட்டி மேலிருந்த பூப்போட்ட துணியை எடுத்தாள்.

“கடைசியா ஒருதரம் ஆடலாம் சந்தனம். இனிமே எனக்கு யார் இருக்கா?”

சந்தனம் உட்கார்ந்தாள். சுவர்ப்பந்து வைக்கப்போன தொரசாணியின் கையை விலக்கி, பந்தடியை வைத்தாள். ஒரு பந்து விடவில்லை. தொரசாணி மேலே போனால் கீழே அடித்தாள், கீழே வந்தால் மேலே அடித்தாள். தொரசாணியின் பக்கம் கடைசிவரை பூஜ்யம்தான்.

தொரசாணி கைதட்டினாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், அதுதான் கொடுமை.

“அன்னிக்கும் இப்படி ஆடியிருக்கலாமே சந்தனம்.”

சந்தனம் குமிழை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“அன்னைக்கு எம் பிள்ள சோத்தத் தூக்கி அந்தப் பொட்டிக்குள்ள போட்டிருக்கீகன்னு எனக்குத் தெரியாது தொரசாணி. நான் வெளயாட்டுன்னுல்ல நெனச்சேன்.”

சேலையை எடுத்துக்கொள்ளவில்லை. பின்கட்டு வழியாக இறங்கிக் குடையை விரித்தாள். நெஞ்சு கொதித்தது. இனி ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, எமனே எதிரில் வந்தாலும் ஒரு பந்து விடப்போவதில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேயிலைக்கு நடுவே நடந்தாள். லயத்து வாசலில் மூக்கம்மாள் மூட்டையோடு காத்திருப்பது தூரத்தில் தெரிந்தது.

வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. துரை வண்டி. அவளைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய்விட்டது. அது போன பிறகுதான் தலையில் தண்ணீர் வழிவது சந்தனத்துக்கு உறைத்தது. கணுக்கால் அளவு ஓடையில் நின்றுகொண்டிருந்தாள். குடை அவள் கையில் மடங்கியிருந்தது.